ரைட் ஆஃப் வே: தடவுரிமையும் தடப்பட்டையும்

மின்கோபுரம் நடுவோரின் பேச்சிலும், அதை எதிர்த்துக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் கூடும் உழவர்களின் பேச்சிலும் ஒன்றுபோல் அடிபடும் சொல் ‘ரைட் ஆஃப் வே’. பிறர் நிலத்தின் வழியே செல்ல ஒருவருக்குள்ள உரிமை என்பது இதன் முதற்பொருள்; அந்த உரிமைக்கு உட்பட்ட நிலத்தையே குறிப்பது பின்னர் கிளைத்த பொருள். ஆங்கிலேயர் சட்டத்தில் வளர்ந்த இக்கருத்து, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் வழியாக இங்கே எழுத்துவடிவம் பெற்றது.

சட்டம் புதிதே தவிர, வழக்கம் புதிதன்று. கொங்கு நாட்டுக் கிரயப் பத்திரங்களில், நான்கெல்லை சொல்லி முடித்தபின், ‘மேற்படி பூமிக்கு ஆள், மாடு, வண்டி போகவர உள்ள மாமூல் தடப் பாத்தியம்’ என்பதுபோல ஒரு தொடர் வருவது வழக்கம். தடம் என்பது முதலில் காலடிச் சுவடு. சுவடு பதிந்து பதிந்து உண்டான வழியும் தடமாயிற்று. ‘இந்தத் தடம் எங்கீங்க போகுது?’ என்று இன்றும் இப்பக்கம் வழி கேட்பார்கள். கிளுவை வேலிகளுக்கு நடுவே வளைந்து செல்லும் இட்டேரியும் தடமே. பாத்தியம் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் கட்டுப்படுத்தத்தக்கது என்பதாகும். தெலுங்கிலும் கன்னடத்திலும் அதன் வழிச்சொல் பொறுப்பையும் கடப்பாட்டையும் குறிக்க, நம் பத்திரங்களில் அது உரிமையின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆயினும் பழைய பொருள் முற்றிலும் அழியவில்லை என்றே கருதுகிறேன். தடப் பாத்தியம் கொடுத்தவரும் பெற்றவரும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டவர்கள்.

மின்நிறுவனம் கேட்பது இந்தப் பாத்தியத்தை அன்று. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்திக்கம்பிக்காக வகுத்த அதிகாரங்களை, 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு மின்தொடர், அதாவது உயரழுத்த மின்கம்பி வரிசை, அமைப்போருக்கும் வழங்க இடமளிக்கிறது. நிலம் உரியவர் பெயரிலேயே இருக்கும்; பயன்படுத்தும் உரிமை மட்டும் நிறுவனத்துக்குப் போகும்; தடுத்தால் மாவட்ட ஆட்சியரின் ஆணை வரும். 400 கிலோவோல்ட் தொடரென்றால் 46 மீட்டர் அகலத்துக்குத் தென்னை வைக்க இயலாது. வீடு கட்டவும் இயலாது. கோபுரத்தின் அடிநிலத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் இழப்பீடு என்று மத்திய அரசு 2015இல் வழிகாட்டியது. 2024இல் அவை முறையே 200 ஆகவும் 30 ஆகவும் உயர்ந்தன.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் (டி.சி.) தொடர் வந்தபோது பூசல் முற்றியது. 6,000 மெகாவாட் கொண்டுவரும் அத்தொடர், தெற்கில் காற்றாலை மின்சாரம் மிகும் பருவத்தில் அதை வடக்கே அனுப்பவும் வல்லது. ஆகவே சூழல் காப்பு என்ற வாதம் இரு தரப்பிலும் ஒலித்தது: நிலக்கரியைக் குறைக்கக் கம்பி வேண்டும் என்றது ஒன்று, தோப்பை அழித்தா பசுமை என்றது மற்றொன்று. சாலையோரம் நிலத்தடிக் கேபிளாகப் பதியுங்கள் என்பதே உழவர்களின் கோரிக்கை. புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் தொடர், திருச்சூரை ஒட்டிய பகுதியில் நிலத்தடியில்தான் செல்கிறது. இங்கே வயலுக்கு மேலே செல்கிறது. அந்த வேறுபாட்டைச் சுட்டியவர்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று தள்ளியது முறையன்று.

எரிவாயுக் குழாய்க்கு 1962ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. அதில் உள்ளது ‘ரைட் ஆஃப் யூசர்’. அதற்குப் பயன்பாட்டு உரிமை என்பது பொருந்தும்.

‘ரைட் ஆஃப் வே’க்குப் பலரும் எழுதும் ‘வழியுரிமை’ எனக்கு நிறைவாகப் படவில்லை. அது நடந்துசெல்லும் உரிமையையே நினைவூட்டுகிறது. ‘மின்தடம்’ அழகுதான், அச்சில் ஓரெழுத்து பிசகினால் மின்தடையாகிவிடும். உரிமையைத் தடவுரிமை என்றும், அதற்குட்பட்ட நிலத்தைத் தடப்பட்டை என்றும் பிரித்து வழங்கலாம். ‘தடப்பட்டையில் எத்தனை மரம் போகும்?’ என்பது அளவைப் பற்றிய கேள்வி. ‘தடவுரிமையை யார் கொடுத்தது?’ என்பது இசைவைப் பற்றிய கேள்வி. பேச்சுவார்த்தை மேசையில் முதலாவதற்கு விடை கிடைக்கிறது. இரண்டாவதற்கு 1885ஆம் ஆண்டின் சட்டத்தைக் காட்டுகிறார்கள்.