ஊராண்மை என்றால் நாட்டுப்பற்று இல்லை

போன மாதம் மலேசியாவில், பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் நடந்த திருக்குறள் பேச்சுப்போட்டிக்குப் போயிருந்தேன். ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், நல்ல குரல். 773ஆம் குறளைச் சொல்லிவிட்டு, “ஊராண்மை என்றால் பிறந்த ஊர்மேல் வைக்கும் பற்று, அதாவது நாட்டுப்பற்று” என்று முடித்தான். நல்ல கைதட்டல். பையனைக் குறை சொல்லமாட்டேன், எழுதிக் கொடுத்தது யாரோ பெரியவர். ஆனால் இந்த விளக்கத்தை நான் கேட்பது இது மூன்றாவது தடவை, ஒருமுறை தேசிய தின மேடையிலேயே கேட்டாயிற்று. இன்னும் சும்மா இருந்தால் அகராதியிலும் ஏற்றிவிடுவார்கள்.

குறள் இதுதான்:

பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால்
ஊராண்மை மற்றதன் எஃகு.

பகைவனை அஞ்சாமல் எதிர்ப்பது பேராண்மை. அதே பகைவனுக்கு ஒரு கேடு வந்தால் அவனுக்கு உதவுவது ஊராண்மை, அந்த வீரத்துக்குக் கூர்மை அதுதான். எஃகு என்றால் இங்கே கூர்மை. பரிமேலழகர் ஊராண்மைக்கு ‘உபகாரியாம் தன்மை’ என்று பொருள் சொல்லி, படையெல்லாம் இழந்து தனியாக நின்ற இராவணனை இராமன் ‘இன்று போய் நாளை வா’ என்று விட்டதை உதாரணம் காட்டுகிறார். மு.வ. உரையிலும் பகைவர்க்கு உதவி செய்தல் என்றுதான் இருக்கிறது. (பாவம் அந்த ‘இன்று போய் நாளை வா’. இப்போது அரசாங்கக் கவுண்ட்டரில் அலைய விடுகிறவர்களைக் கிண்டல் செய்யத்தான் பயன்படுகிறது.)

சொல் பிறப்பு சுருக்கமாக: ஆள் + மை = ஆண்மை, ஆளும் தன்மை. இல்லாண்மை, வேளாண்மை, மேலாண்மை எல்லாம் ஒரே வீடு. ‘விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு’ என்கிற குறளில் வேளாண்மை என்பது உழவு இல்லை, உதவி. ஊராண்மையும் அந்த வழியில் வந்த பொருள்தான். ஊரை ஆளுகிறவனுக்கு இருக்கவேண்டிய பெரிய மனசு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் குழப்பம் எங்கே வருகிறதென்றும் தெரியும். நகராட்சியை இங்கே நகராண்மைக் கழகம் என்பார்கள், தினமும் பேப்பரில் பார்க்கிறோம், ஊராண்மை என்றதும் குப்பை லாரியும் கால்வாய் அடைப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். அது கொஞ்சம் கௌரவக் குறைவாகத் தெரிந்திருக்கும், அதனால் ஊரை நாடாக்கி, ஆண்மையைப் பற்றாக்கிவிட்டார்கள். நாட்டின் மேல் உள்ள கடப்பாட்டுக்குத்தான் விசுவாசம் என்று ஒரு சொல் இருக்கிறதே. ‘பேரரசருக்கும் நாட்டிற்கும் விசுவாசம் செலுத்துதல்’ என்று ருக்குன் நெகாராவை, அதாவது மலேசியத் தேசியக் கோட்பாட்டை, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சபைகூடலில் ஒப்பிக்கிறார்கள். வடசொல்தான், எனக்குப் பிடிக்காதுதான், ஆனால் பொருள் தெளிவு. அந்த வேலைக்கு ஆள் இருக்கும்போது ஊராண்மையை எதற்கு இழுக்கவேண்டும்? இழுத்ததால் என்ன ஆயிற்று பாருங்கள், எதிரிக்கு உதவு என்று சொன்ன சொல் நம் பக்கத்தவனை மட்டும் நேசி என்று திரும்பிவிட்டது.

அப்புறம் இன்னொரு கூட்டம். நண்பர் ஒருவர் போர் ஆவணப்படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவர். ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதைச் சொன்னேன். “ஊராண்மை யாருக்குங்க புரியும், நான் எதிரி அனுதாபம்னு போட்டுட்டேன், அடுத்த படத்துக்குப் பகைநேயம்னு போடப்போறேன்” என்றார். எனக்குத் தேத்தண்ணி புரை ஏறிவிட்டது.

முதலில் பகைநேயம். பகை வேறு, பகைவன் வேறு. மனிதநேயம் என்றால் மனிதன்மேல் நேயம், அப்படியானால் பகைநேயம் என்றால் பகையின்மேல் நேயம், சண்டை என்றால் கொள்ளை ஆசை என்று பொருள். நம் வாட்சப் குழுக்களில் பாதிப்பேருக்கு அது பொருந்தும், அதை மறுக்கவில்லை.

அனுதாபம் இன்னும் மோசம். வடமொழியில் அனுதாபம் என்பதற்குச் செய்த தவறை நினைத்து வருந்துவது என்று பொருள். தமிழில் அது துக்கம் விசாரிப்பதாக மாறி, இறப்பு அறிவிப்புகளில் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று குடியேறிவிட்டது. சரி, அதோடு விட்டாலும் பரவாயில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கறை உண்டு. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் தொடங்கியது, 1960 ஜூலை வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போகக்கூடாது என்று உணவுக் கட்டுப்பாடு. அந்தக் காலத்தில் அனுதாபி என்றால் மறுபக்கத்து ஆள் என்று அர்த்தம், அப்படிப் பெயர் வாங்கினால் சிறைதான். எதிரி அனுதாபம் என்று எழுதினால் பெரியவர்கள் காதில் துரோகம் என்றுதான் விழும். குறள் சொல்கிறவன் மறுபக்கம் போகவே இல்லை, நாளைக்கும் சண்டை போடப்போகிறவன் அவன். அந்தக் குறள் இருக்கும் அதிகாரமே படைச்செருக்கு, அருளுடைமை இல்லை.

இரக்கம் போடலாமே என்றார் நண்பர். இரக்கம் மனசுக்குள்ளேயே நின்றுவிடலாம், ஊராண்மை கையால் செய்வது. கருணை மேலேயிருந்து கீழே இறங்குவது. கண்ணோட்டம் அருமையான சொல், ‘கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு’ என்று 578ஆம் குறளில் கடமையையும் பரிவையும் ஒரே அடியில் வைத்திருக்கிறார். ஆனால் அதையும் பேப்பர்காரர்கள் ‘ஒரு கண்ணோட்டம்’ என்று தலைப்புக்குத் தலைப்பு போட்டுக் கெடுத்துவிட்டார்கள், இப்போது கண்ணோட்டம் என்றால் பார்வை, அவ்வளவுதான். நல்ல சொல் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, மொழிபெயர்க்கிறவர்களுக்குப் பழைய உரையைப் புரட்ட நேரமில்லை.

எங்கள் பாட்டிக்கு இந்தச் சொல் எதுவும் தெரியாது. அவர் அண்ணன், இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண இரயில் பாதை வேலைக்குப் போனவர், 415 கிலோமீட்டர் பாதை, திரும்பவில்லை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு ஜப்பானியச் சிப்பாய்கள் பலரைப் பிரிட்டிஷ்காரர்கள் இங்கேயே நிறுத்திக் கூலி வேலை வாங்கினார்கள். போர்க்கைதி என்று சொன்னால் அதற்குரிய உரிமைகளையும் கொடுக்கவேண்டும், அதனால் ‘சரணடைந்த படையினர்’ என்று தனிப் பெயர் வைத்தார்கள், சொல்லில் விளையாடுவது நம் ஆட்கள் மட்டும் இல்லை. தோட்டத்து ரோட்டில் மண் வெட்டிக்கொண்டிருந்த ஒருவனுக்குப் பாட்டி அவித்த மரவள்ளிக்கிழங்கும் தண்ணீரும் கொடுத்தாராம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு வாரம் யாரும் அவரோடு பேசவில்லை, ‘ஜப்பான்காரி’ என்று பெயர் வேறு. “அண்ணனைக் கொன்னவன் இனத்துக்கா சோறு?” என்று கேட்டவர்களிடம், “துப்பாக்கி வச்சிருந்தப்ப குடுத்தேனா? இப்ப மம்பட்டிதானே வச்சிருக்கான்” என்றாராம். கடைசிவரை ஜப்பான்காரனைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார், அந்தக் கிழங்குக்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “சரிங்க, ஊராண்மைன்னே போடறேன், ஆனா நகராண்மைக் கழகம்னு நினைச்சு யாராவது போன் பண்ணா உங்க நம்பரைத்தான் குடுப்பேன்” என்றார். கொடுக்கட்டும்.