ஜாம்பியின் தலைக்குப் போகும் தோட்டா

வருடம் 1946. ஹிட்லரை நரகத்துக்கு அனுப்பியாயிற்று. ஆனால் அவர் எழுப்பிவிட்ட பிணங்கள் இன்னும் ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மிலான் ரயில் நிலையம், வெனிஸ் கால்வாய்கள், ஜாக்ரெப் மிருகக்காட்சிசாலை என்று நான்கு பேர் சேர்ந்து போய் அவற்றைச் சுட்டுத் தள்ள வேண்டும். 2020 பிப்ரவரியில் வந்த ‘ஜாம்பி ஆர்மி 4: டெட் வார்’ கேமின் கதை இவ்வளவுதான். இதை யாரும் கதைக்காக விளையாடுவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ரெபெல்லியன் நிறுவனம் 2013-ல் ‘ஸ்னைப்பர் எலீட் வி2’ என்ற தன் போர் கேமிலிருந்து கிளை பிரித்து உருவாக்கிய வரிசை இது. அதனால் இங்கே முக்கியமான வேலை, தூரத்தில் நின்று ஒரே தோட்டாவில் தலையை அடிப்பது. அந்த ஒரு தோட்டாவுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாம் உலகப்போர் காலத்து ரைஃபிளிலிருந்து தோட்டா நொடிக்கு ஏறக்குறைய 750 மீட்டர் வேகத்தில் கிளம்பும். கேமோ நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது கேமுக்குள் இருக்கும் உலகம் நொடிக்கு 60 தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது. 750-ஐ 60-ஆல் வகுத்தால் 12.5. ஒரு ஃபிரேமில் இங்கே இருக்கும் தோட்டா, அடுத்த ஃபிரேமில் 12.5 மீட்டர் தள்ளி இருக்கும். இடைப்பட்ட இடத்தில் அது இருந்ததாகவே கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஜாம்பியின் தலை முன்னிருந்து பின்னாக 20 சென்டிமீட்டர் இருக்குமா? ‘இந்த ஃபிரேமில் தோட்டா தலைக்குள் இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், குறி அச்சுப் பிசகாமல் இருந்தாலும் அறுபது குண்டுக்கு ஒன்றுதான் பட்டதாகக் கணக்கில் வரும். மற்றதெல்லாம் மண்டை வழியாக ஆவி போல நுழைந்து வெளியே போய்விடும். கேம் எழுதுகிறவர்கள் இதை ‘டனலிங்’ என்பார்கள்.

இதற்கான வழி எளிமையானது. தோட்டாவை ஒரு புள்ளியாகப் பார்க்காமல், போன ஃபிரேமில் இருந்த இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோடு எதையாவது வெட்டுகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் எதிரே நூறு பிணங்கள் கைகால்களை ஆட்டிக்கொண்டு வரும்போது ஒவ்வொன்றின் ஒவ்வொரு உறுப்போடும் அந்தக் கோட்டை ஒப்பிடுவது வீண் செலவு. அதனால் முதலில் ஆளுக்கொரு மாத்திரை வடிவ உறை. கோடு எந்த உறையையும் தொடாவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. தொட்டால்தான் உள்ளே போய்த் தலை, மார்பு, முழங்கை என்று எலும்புக்கூட்டோடு சேர்ந்து அசையும் சின்னச் சின்ன ‘ஹிட்பாக்ஸ்’களை, அதாவது குண்டு பட்டதா என்று பார்ப்பதற்கான கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளை, பார்க்க வேண்டும்.

இதில் புவியீர்ப்பும் சேர்ந்துகொள்ளும். 200 மீட்டர் தூரத்தைக் கடக்க தோட்டாவுக்குக் கால் நொடிக்குச் சற்று அதிகமாகும். அதற்குள் அது குழாயின் நேர்கோட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். தலைக்கு வைத்த குறி மார்பில் போய் நிற்கும். ‘ஸ்னைப்பர் எலீட் வி2’-வில் கடினமான நிலைகளில் இந்தச் சரிவைக் கணக்குப் போட்டுத்தான் சுட வேண்டும், காற்றையும் சேர்த்து. மூச்சைப் பிடித்தால் ஸ்கோப்பில் சிவப்பாக ஒரு குறி வருமே, அது கேமே நமக்காக அந்தப் பாதையை முன்கூட்டிப் போட்டுப் பார்த்துச் சொல்லும் பதில்.

சரி, தனியாக விளையாடும்வரை இது போதும். நான்கு பேர் நான்கு ஊர்களிலிருந்து வரும்போதுதான் உண்மையான தலைவலி தொடங்குகிறது.

இவ்வகை கேம்களில் பொதுவாக ஒருவருடைய கம்ப்யூட்டரோ தனி சர்வரோ ‘ஹோஸ்ட்’. எந்த ஜாம்பி எங்கே என்று முடிவு செய்வது அதுதான். மற்றவர்களுக்கு அந்தச் செய்தி வந்துசேர 100 மில்லி செகண்ட் ஆகிறது என்றால், நம் திரையில் தெரிவது சற்றுப் பழைய உலகம். எதிரி நொடிக்கு 5 மீட்டர் ஓடும் மனிதர் என்றால் அதற்குள் அரை மீட்டர் நகர்ந்திருப்பார். நாம் சுட்டது வெறும் காற்றை. நொடிக்கு ஒரு மீட்டர் தள்ளாடி வரும் பிணமோ 10 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். தலையின் அகலமே 15 சென்டிமீட்டர்! ஜாம்பி மெதுவாக நடப்பது பயமுறுத்துவதற்காக என்றுதான் எல்லோரும் நினைப்போம். என்னைக் கேட்டால், நெட்வொர்க் எழுதும் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. ஜாம்பி பதுங்காது, சட்டென்று திசை மாற்றாது. அடுத்த அடி எங்கே விழும் என்பதை நம் கம்ப்யூட்டரே ஊகித்துக்கொள்ளலாம்.

செய்தியின் அளவும் குறைவுதான். இடம், முகம் பார்க்கும் திசை, என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் சேர்த்து ஒரு ஜாம்பிக்கு 12 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஜாம்பி, நொடிக்கு 20 தடவை. மொத்தம் 24 கிலோபைட். மொபைல் இணைப்பே தாங்கும்.

மிச்சமிருக்கும் அந்த 10 சென்டிமீட்டரை என்ன செய்வது? ஆளுக்கு ஆள் மோதும் போட்டி கேம்களில், சுட்ட கணத்தில் சுட்டவர் திரையில் உலகம் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு சர்வர் எல்லோரையும் பின்னோக்கி நகர்த்தி, பட்டதா என்று பார்க்கும். கூட்டாக ஆடும் கேமில் அவ்வளவு கறார் வேண்டியதில்லை. ‘என் திரையில் பட்டது’ என்று சுட்டவரின் கம்ப்யூட்டர் சொன்னால் ஹோஸ்ட் நம்பிவிடலாம். ஏமாற்றினால் நஷ்டம் பிணத்துக்குத்தானே! என்ன, ஒரே தலையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுட்டால் இருவர் திரையிலும் மண்டை சிதறும். பாயின்ட் மட்டும் யாருடைய செய்தி முதலில் வந்ததோ அவருக்கு. காம்போவை, அதாவது இடைவிடாமல் அடுத்தடுத்து வீழ்த்திச் சேர்க்கும் எண்ணிக்கையை, வளர்த்துக்கொண்டிருந்த நண்பரோடு அப்புறம் வாய்ச்சண்டைதான்.

கடைசியாக எக்ஸ்ரே காட்சி. கேமரா தோட்டாவின் பின்னாலேயே பறந்துபோய், எலும்பு நொறுங்குவதை மெதுவாகக் காட்டுமே, அது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோட்டா கிளம்பும்போதே அது எங்கே படும் என்று கேமுக்குத் தெரிந்திருந்தால்தான் கேமராவை அதன் பின்னாலேயே அனுப்ப முடியும். அதனால் டிரிகரை அழுத்திய கணமே முழுப் பாதையும் கணக்கிடப்பட்டு, முடிவு தெரிந்த பிறகே படம் ஓடத் தொடங்குகிறது. தனியாக ஆடும்போது உலகத்தையே நிறுத்தி வைத்துவிட்டு இதைக் காட்டலாம். நால்வர் இருக்கும்போது ஒருவருக்காக மற்ற மூவரின் நேரத்தை நிறுத்த முடியாது. அவருக்கு மட்டும் படம் ஓடினால், அதற்குள் பின்னால் வருகிற ஜாம்பி காத்திருக்குமா என்ன? இந்தக் காட்சி எத்தனை தடவை வரலாம் என்பதைக் குறைத்துக்கொள்ள செட்டிங்ஸில் வழி இருக்கிறது. நண்பர்களோடு ஆடும்போது நான் அதைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.