"நல்லா பாத்தேன் சார், இவர்தான்"

கூண்டுல நிக்கிற சாட்சி கைய நீட்டி "இவர்தான் சார், நல்லா பாத்தேன்"னு சொன்னா கோர்ட் ஹாலே ஒரு நிமிஷம் அமைதியாயிடும், அடுத்து க்ராஸ் (குறுக்கு விசாரணை) பண்ண எந்திரிக்கிற டிபென்ஸ் வக்கீலுக்கு, அதாவது எனக்கு, வயித்த கலக்கும். பொய் சாட்சின்னா பிரச்சனை இல்ல, நாலு கேள்வி கேட்டா எங்கயாவது இடறுவாங்க. மனசார நம்பி தப்பா சொல்றவங்கதான் கஷ்டம்.

1984ல அமெரிக்காவுல நார்த் கரோலினால ரொனால்ட் காட்டன்ங்கறவர் மேல பாலியல் வன்கொடுமை கேஸ். பாதிக்கப்பட்ட பெண், பின்னாடி அடையாளம் காட்டணும்னே தாக்குனவன் மூஞ்சிய உத்துப் பாத்து மனசுல வாங்கினவங்க, இதுக்கு மேல நல்ல சாட்சி எங்க கிடைக்கும்? போட்டோக்கள்ல ரொம்ப நேரம் யோசிச்சுதான் காட்டன எடுத்தாங்க, அப்புறம் அடையாள அணிவகுப்புலயும் (சந்தேக நபர வேற ஆளுங்களோட வரிசையா நிக்க வச்சு காட்டச் சொல்றது) அவரத்தான் காட்டினாங்க, போட்டோலயும் வரிசைலயும் ரெண்டுலயும் இருந்த ஒரே ஆள் அவர்தான்ங்கறத கவனிங்க. போட்டோல எடுத்த அதே ஆள்தான்னு போலீஸும் சொல்லிடுச்சு, அதோட இருந்த கொஞ்சநஞ்ச தயக்கமும் போச்சு. 1987 மறுவிசாரணைல நிஜமான குற்றவாளியவே கோர்ட்டுக்கு கூட்டிட்டு வந்து காட்டுனப்ப இவர பாத்ததே இல்லன்னுட்டாங்க. 1995ல டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு அப்புறம்தான் காட்டன் வெளிய வந்தார், பத்து வருஷத்துக்கு மேல போயிடுச்சு.

ஒருத்தர் தப்பா சொல்லலாம், பல பேரு சேந்து சொல்வாங்களான்னு கேப்பீங்க. லண்டன்ல அடால்ஃப் பெக்ங்கறவர 1896ல வரிசையா பல பெண்கள் "நகைய ஏமாத்தி வாங்குனது இவர்தான்"னு காட்டினாங்க, 1904ல திரும்பவும் அதே கதை, அப்புறம் நிஜ மோசடிக்காரன் மாட்டினான். அந்த களேபரத்துல இருந்துதான் 1907ல இங்கிலாந்துல கிரிமினல் அப்பீலுக்குன்னு தனி கோர்ட்டுக்கே சட்டம் வந்துச்சு.

குற்றவாளி கைல கத்தி துப்பாக்கி இருந்தா சாட்சியோட கண்ணு அதுமேலதான் போகும், மூஞ்சி சரியா பதியாது, இது பல ஆய்வுல வந்ததுதான்.

அதனால க்ராஸ்ல "உறுதியா சொல்றீங்களா"ன்னு நான் கேக்கவே மாட்டேன் (ஜூனியரா இருந்தப்ப ஒருதடவ கேட்டு நானே குழில விழுந்தேன்). முதல் நாள் ஸ்டேட்மென்ட்ல என்ன அடையாளம் சொன்னாங்க, வெளிச்சம் எவ்ளோ, எத்தன செகண்ட் பாத்தாங்க, அணிவகுப்புக்கு முன்னாடி போன்லயோ டிவிலயோ அந்த மூஞ்சிய பாத்தாங்களா, வரிசைய நடத்துனவருக்கு சந்தேக நபர் யாருன்னு தெரியுமா, இதத்தான் தோண்டுவேன்.

உங்கள எப்பவாவது அடையாளம் காட்ட கூப்ட்டா, அந்த ஆள் வரிசைலயே இல்லாம இருக்கலாம்ங்கறத மறக்காதீங்க, இருக்கறதுல கிட்டத்தட்ட ஒத்துப்போறவர எடுத்துடாதீங்க. பாதி சந்தேகம்னா "பாதி சந்தேகமா இருக்கு"ன்னே சொல்லி அத அப்பவே எழுத வைங்க. பக்கத்துல நிக்கிற ஆபீசர் மூஞ்சிய மட்டும் தயவுசெஞ்சு பாக்காதீங்க.