உறுப்பு தானம்: பாதுகாத்துக் கொண்டுபோகும் செலவு யாருடையது?

மூளைச்சாவு (மூளை மீளாதபடி செயலிழந்து, இயந்திர உதவியால் மட்டும் மூச்சு ஓடும் நிலை) அடைந்தவரின் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்த வீட்டார் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதுக்கும் நாங்கதான் பணம் கட்டணுமா?"

கட்ட வேண்டாம். மத்திய அரசின் 2014 உறுப்பு மாற்று விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. மூளைச்சாவு அறிவித்த பிறகு உடலைப் பராமரிப்பது, உறுப்பை எடுப்பது, கெடாமல் வைத்திருப்பது, கொண்டுபோவது எதற்கும் தானம் தரும் குடும்பம் செலவு செய்யக் கூடாது. பெறுபவரோ மருத்துவமனையோ அரசோ தொண்டு நிறுவனமோ ஏற்கலாம். யார் என்பது மாநில அரசின் முடிவு. ஆனால் அறிவிப்புக்கு முன்பு நடந்த சிகிச்சைக்கான பில் இதில் சேராது. ஆகவே இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். துக்க நேரத்தில் பணத்தைப் பற்றிக் கேட்பது தவறே இல்லை.

கெடாமல் வைத்திருப்பது எப்படி? உறுப்பை எடுக்கும்போதே ரத்தக் குழாய் வழியாகக் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி, உள்ளே இருக்கும் ரத்தத்தைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். அப்புறம் குளிர்ந்த திரவத்தில் மூழ்கவைத்து, கிருமி நீக்கிய பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள். வெப்பநிலை 4 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து பாழாகிவிடும், அதனால்தான் அத்தனை பை. இப்படி வைத்தால் இதயம் 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். கல்லீரல் சுமார் 12 மணி நேரம், சிறுநீரகம் ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும். இதயத்தை ரத்தம் ஓட்டித் துடிக்கவைத்தபடியே கொண்டுபோகும் இயந்திரங்களும் வந்திருக்கின்றன; விலைதான் மிக அதிகம்.

உறுப்பு முதலில் மாநிலக் காத்திருப்போர் பட்டியலுக்கும், பிறகு பல மாநிலங்கள் சேர்ந்த மண்டலத்தின் பட்டியலுக்கும், அதன்பின் தேசியப் பட்டியலுக்கும் போக வேண்டும் என்பது விதி. தூரம் கூடினால் கையிலிருக்கும் மணிநேரம் கரையும் என்பதால், இந்த வரிசை நோயாளிக்கும் நல்லதுதான்.

இந்த அவசரத்தைப் பார்த்து, "சீக்கிரம் முடிவு கட்டிவிட்டார்களோ" என்று சிலர் கலங்குகிறார்கள். மூளைச்சாவை 4 மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். உறுப்பின் நேரக் கணக்கைக் காட்டி அந்த இடைவெளியை யாரும் குறைக்க முடியாது. சோதனை முடிவுகளைக் காட்டி விளக்கும்படி உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். புரிந்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும். விருப்பமில்லை என்றால் போடவே வேண்டாம்.