விறாந்தையைக் கண்ணாடியால் அடைக்குமுன் எடுக்கவேண்டிய இரண்டு அனுமதிகள்

மட்டக்களப்பு நாவலடியில் இருக்கும் என் மாமியின் வீட்டுப் பின் விறாந்தையில் பின்னேரம் நாலு மணிக்கு உட்கார்ந்தால், தேத்தண்ணி ஆறுவதற்குள் கோப்பையின் விளிம்பில் மெல்லிய மணல் படிந்துவிடும். மார்கழியில் வாடைக்காற்றோடு மழைச்சாரலும் சேர்ந்து கதவு நிலை வரைக்கும் நனைக்கும். மாமி ஒரு பழைய சாரத்தை மடித்துக் கதவடியில் போட்டுவைப்பார். இதையெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் சொன்னபோது, "அம்மா, அந்த விறாந்தையக் கண்ணாடி போட்டு அடைச்சிடுங்க, காசு அனுப்புறன்" என்று அவன் சொல்லிவிட்டான்.

வேலைக்கு வந்தவர் அளவெடுத்தார், முற்பணம் வாங்கினார். அனுமதி எடுக்க வேண்டுமா என்று மாமி கேட்டதற்கு, "சுவரா கட்டுறம் அம்மா? வெறும் கண்ணாடிதானே" என்றார். அலுமினியச் சட்டங்கள் நிமிர்ந்து, மேலே தகடு ஏறிய கிழமையில் அதிகாரிகள் வந்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். பாதியில் நின்ற அந்தச் சட்டங்கள் ஒரு மாரி முழுக்க உப்புக் காற்றில் கிடந்தன. திருகாணி இருந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்துப் பொரிந்துவிட்டது.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் இப்போது இந்தக் கண்ணாடி விறாந்தை ஆசை பரவலாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், திருக்கோவில், பொத்துவில் என்று எந்த ஊரில் இருந்தாலும் விதி ஒன்றுதான். கண்ணாடியால் அடைத்தாலும், கிறில் போட்டுத் தகடு ஏற்றினாலும், பக்கத்தில் ஒரு பத்தி இறக்கினாலும் அது கட்டட வேலை. கடலுக்கோ வாவிக்கோ அருகில் அதைச் செய்ய இரண்டு தனித்தனி அனுமதிகள் வேண்டும். ஒன்று கையில் இருந்தால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

கரையோர அனுமதி

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம்தான் இதற்கு அடிப்படை. சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது சராசரியாகத் தொடும் எல்லை) தரைப்பக்கம் 300 மீட்டர் வரை உள்ள நிலம் கரையோர வலயம். அதற்குள் எந்த 'அபிவிருத்திச் செயற்பாடு' செய்வதானாலும் முன்அனுமதி எடுக்க வேண்டும். கரையோர வலயத்தின் இயற்கைத் தன்மையை மாற்றக்கூடிய எந்தச் செயலையும் சட்டம் இப்படித்தான் அழைக்கிறது. கட்டடங்கள் அமைப்பது, மணல் அள்ளுவது, நிலம் நிரப்புவது, இயற்கைத் தாவரங்களை அகற்றுவது எல்லாம் அதில் அடங்கும். மீன்பிடித்தல், பயிர்செய்தல், மரம் நடுதல் ஆகியவை அடங்கா. சுவரா கண்ணாடியா என்ற கேள்வியே அங்கு இல்லை. விறாந்தையை உயர்த்த வெளியிலிருந்து கிறவல் கொட்டுவதாக இருந்தால் அதையும் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

"எங்கட வீடு கடலுக்குக் கிட்ட இல்லையே, வாவிக்கரைதானே" என்று பலர் நினைக்கிறார்கள். மட்டக்களப்பில் இந்த நினைப்புத்தான் கூடுதலாகக் காலை வாருகிறது. கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ இணைகிற ஆறு, வாவி, களப்பு ஆகியவற்றையும், கடலோடு சேரும் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீட்டர் வரை, சட்டம் கணக்கில் எடுக்கிறது. 2011ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு அந்த நீர்நிலைகளின் ஓரமாக 100 மீட்டர் நிலமும் வலயத்துக்குள் வந்துவிட்டது. நம் வாவி முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. ஆகவே வாவியைப் பார்த்தபடி இருக்கும் வீட்டுக்காரருக்கும் இந்தக் கதை பொருந்தலாம். நாவலடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் மணல்திட்டில் எந்த வளவும் தப்பாது.

அனுமதியை வழங்குவது கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம். சிறிய வீட்டு வேலைகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் பிரதேச செயலாளருக்குப் பகிரப்பட்டிருக்கிறது. எனவே முதலில் போகவேண்டிய இடம் உங்கள் பிரதேச செயலகம்தான். உங்கள் வேலை அங்கேயே முடியுமா, திணைக்களத்துக்குப் போகவேண்டுமா என்பதைப் படிவம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். காணி உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், கட்டப்போவதின் பிளான் ஆகியவற்றோடு போனால் இரண்டாம் தரம் அலையத் தேவை இருக்காது. அரசு பெர்மிட்டில் தந்த காணி என்றால் உறுதிக்குப் பதிலாகப் பெர்மிட்டைக் கொண்டுபோங்கள். வரைபடத்தில் கடலோ வாவியோ எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது தெரிய வேண்டும்.

சரி, 300 மீட்டருக்குள் இருந்தால் கட்டவே முடியாதா? அப்படியில்லை. வலயத்துக்குள் இரண்டு துண்டு இருக்கிறது. நீருக்கு மிக அருகில் உள்ளது ஒதுக்கப் பகுதி. அதில் கட்டடம் அனுமதிப்பதில்லை என்பதே பொது விதி. அதற்குப் பின்னால் இருப்பது கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே நிபந்தனைகளோடு கட்டலாம். ஒதுக்கத்தின் அகலம் கரைக்குக் கரை மாறும். அரிக்கிற கரைக்குக் கூடும், உறுதியான கரைக்குக் குறையும். எங்கிருந்து அளப்பது என்பதை உத்தியோகத்தரே உங்கள் வளவில் நின்று காட்ட வேண்டும். நீங்களாக அலை நிற்கும் இடத்திலிருந்து டேப் பிடித்து முடிவெடுக்க வேண்டாம்.

இங்கே ஒரு பழைய குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீட்டரும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டரும் கட்டடம் கூடாத இடைவலயம் என்று அறிவித்தார்கள். அடுத்த வருடக் கடைசியில் அதைத் தளர்த்தி, கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் உள்ள தூரங்களுக்கே திரும்பினார்கள். இன்றைக்கும் ஊரில் "இருநூறு மீற்றர் சட்டம்" என்று சொல்பவர்கள் உண்டு. அதை நம்பி, 210 மீட்டரில் இருக்கிறோம், அனுமதி தேவையில்லை என்று வேலையைத் தொடங்கியவர்களையும், 150 மீட்டரில் இருக்கிறோம், ஒன்றுமே செய்ய முடியாது என்று ஒதுங்கியவர்களையும் நான் கண்டிருக்கிறேன். இரண்டு பேருமே பிழை.

வீடு எத்தனை வருடமாக நின்றாலும், புதிதாகச் சேர்ப்பது புது வேலைதான். அனுமதி இல்லாமல் எழுப்பியதை அகற்றச் சொல்லி அறிவித்தல் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வழக்கும் போடலாம்.

சபையின் அனுமதி

இது கடலோடு சம்பந்தப்படாதது. வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். நூறு வருடம் தாண்டியும் நடைமுறையில் இருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு மட்டுமல்ல, இருக்கும் வீட்டில் மாற்றம் செய்வதற்கும் பிளான் அங்கீகாரம் வேண்டும் என்று அது சொல்கிறது. ஓர் அறையைச் சேர்ப்பதும், சுவர்களுக்கு நடுவே வெளியாக இருக்கும் இடத்துக்குக் கூரை போடுவதும் மாற்றம்தான். அங்கீகாரம் தருவது உங்கள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை. நகர அபிவிருத்தி அதிகாரசபை பிரகடனப்படுத்திய பகுதிக்குள் இருந்தால் அதன் திட்டமிடல் ஒழுங்குவிதிகளும் சேரும். அப்போதும் விண்ணப்பத்தைச் சபையிலேயே கொடுக்கலாம்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பது சில விஷயங்களைத்தான். வீதிக்கென்று ஒதுக்கிய எல்லையான வீதிக்கோட்டுக்கு உள்ளே வருகிறதா, பின்பக்கத் திறந்தவெளி மிஞ்சுகிறதா, மலக்குழிக்கு மேலே ஏறுகிறதா, மழைநீர் பக்கத்து வளவுக்குள் விழுகிறதா. ஐந்தாவதும் ஒன்று உண்டு, அதைத்தான் வீட்டுக்காரர் மறப்பார்கள். விறாந்தையை அடைத்தால் அதற்குள் திறக்கும் படுக்கையறையின் ஜன்னலுக்கு வெளிக்காற்று எங்கிருந்து வரும்? அறைக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பது ஒழுங்குவிதி. கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆடி மாதத்தில் அந்த அறையில் ஒரு இரவு படுத்தவருக்கு ஏன் என்று விளங்கும்.

பிளானை வரையும்போது நிலைக்கண்ணாடி குறைவாகவும், தள்ளித் திறக்கும் கண்ணாடி கூடுதலாகவும் இருக்கட்டும். கடல் பக்கம் முழு உயரக் கண்ணாடி வைக்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் 1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பு என்ன ஆனது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். ஒரு கண்ணாடி உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். இலேசான தகடு முதலில் போகும். ஆகவே அரைச்சுவரும் அதன்மேல் சிறு சிறு சட்டங்களும் வைப்பது, கூரைச் சட்டத்தைத் தூணோடும் அத்திவாரத்தோடும் இறுக்குவது நல்லது. அலுமினியத்துக்கு இரும்புத் திருகாணி வேண்டாம், துருப்பிடிக்காத எஃகையே கேளுங்கள். உப்பு ஈரத்தில் இரும்போடு ஒட்டியிருந்தால் அலுமினியத்தைத்தான் அரிக்கும். மாமி வீட்டில் பூத்தது அதுதான்.

மறுத்தால் என்ன செய்வது

கரையோர அனுமதியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பணிப்பாளர் நாயகத்தின் மறுப்பை எதிர்த்து அமைச்சின் செயலாளருக்கு மேன்முறையீடு செய்யலாம். உங்கள் கரைக்கு எவ்வளவு ஒதுக்கம் என்று ஒருவரும் நேராகச் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கிடைத்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள், பக்கத்து வீட்டுக்கும் உதவும்.

மறுப்பைத் தனிப்பட்ட பகையாக எடுக்கவும் வேண்டாம். ஒலுவில் துறைமுகம் வந்தபின் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகளையே கடல் கொண்டுபோனதை நாம் கண்ணால் பார்த்தோம். இன்றைக்கு 80 மீட்டரில் நிற்கும் வளவு நாளைக்கும் அதே தூரத்தில் இருக்கும் என்று அந்தக் கரையில் யாரும் உறுதி சொல்ல முடியாது.

அனுமதிகள் கிடைத்தால் தாளில் உள்ள காலாவதித் திகதியைப் பாருங்கள். வெளிநாட்டுக் காசு வரப் பிந்தி வேலை இழுபட்டால், திகதி முடிவதற்குள் நீடிப்புக் கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் சபையில் இணக்கச் சான்றிதழ் எடுங்கள். பிளானில் உள்ளபடி கட்டியிருக்கிறது என்பதற்கான சான்று அது. பிறகு வங்கிக் கடனுக்கோ காணியை விற்கவோ போகும்போது கேட்பார்கள். அறை கூடினால் வீட்டுக்காகச் சபைக்குக் கட்டும் சோலை வரியும் கூடலாம். அதையும் செலவுக் கணக்கில் போட்டுவையுங்கள்.

மாமி கடைசியில் இரண்டு அனுமதியும் எடுத்தார். கடல் பக்கம் கண்ணாடி கிடைக்கவில்லை. அரைச்சுவரும், மாரிக்கு இறக்கிக் கோடைக்குச் சுருட்டிவைக்கும் தட்டியுமாக முடிந்தது. கண்ணாடி வந்தது வீட்டின் தெற்குப் பக்கத்துக்கு, பழைய திட்டத்தில் பாதி அளவுக்கு. சாரம் மட்டும் இன்னும் கதவடியில் கிடக்கிறது.