கிளாஸுக்குள் மெழுகுதிரி ஏன் கோணலாக எரிகிறது?

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் வரிசையாக எரிகிற ஒல்லி மெழுகுதிரிகள் நடுவில் குழி விழுந்து அணைவதில்லை. அதே மெழுகை உருக்கி, அதே திரியைப் போட்டு, ஒரு ஜாம் போத்தலில் ஊற்றிப் பாருங்கள். சுடர் நேரே கீழே துளைத்துக்கொண்டு போகும். சுற்றிலும் மெழுகு உருகாமல் சுவராக நிற்கும். இரண்டாம் முறை ஏற்றும்போது திரி உருகிய மெழுகில் மூழ்கி அணைந்துவிடும். மெழுகைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் திரி 2 சென்ரிமீற்றர் அகலத்தை உருக்குவதற்காகச் செய்யப்பட்டது. போத்தலோ 7 சென்ரிமீற்றர்.

எரிவது பெரும்பாலும் திரி அல்ல, மெழுகின் ஆவி. சுடரின் வெப்பம் பட்டு உருகிய மெழுகு, திரியின் இழைகளுக்கு இடையேயுள்ள மயிர்த்துளைகள் வழியாக ஏறி, மேலே ஆவியாகி எரிகிறது. தடித்த திரி கூடுதலாக உறிஞ்சும், சுடரும் பெரிதாகும். காஸ் அடுப்புக்குத் திருகு எப்படியோ இதற்குத் திரி அப்படி. உருகிய குளம் எதுவரை அகலும்? சுடர் கொடுக்கும் வெப்பமும், மெழுகின் மேற்பரப்பும் கண்ணாடியும் இழக்கும் வெப்பமும் சமனாகும் இடம்வரை. திரி சிறிதென்றால் ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தச் சமநிலை வந்துவிடும்.

இங்கே வட்டத்தின் பரப்பளவு நம்மை ஏமாற்றிவிடுகிறது. 7 சென்ரிமீற்றர் கிளாஸின் மேற்பரப்பு ஏறத்தாழ 38 சதுர சென்ரிமீற்றர். 9 சென்ரிமீற்றர் கிளாஸுக்கு 64. விட்டம் 2 சென்ரிமீற்றர்தான் கூடியது, உருக்க வேண்டிய பரப்போ 65 சதவீதம் கூடிவிட்டது. ஆகவே 9 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஒரு தடித்த திரியைவிட இரண்டு நடுத்தரத் திரிகள் நல்லது. ஒற்றைத் தடித்த திரி நடுவில் புகையைக் கக்கும், ஓரம் அப்படியே கிடக்கும்.

திரியோடு வரும் அளவு அட்டவணைகளை அப்படியே நம்ப வேண்டாம். அவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்தவை. 50 பாகை செல்சியஸில் உருகும் மெழுகுக்கும் 20 பாகை அறைக்கும் 30 பாகை வித்தியாசம். கொழும்பில் 30 பாகை ஹோலில் அது 20தான். கண்ணாடி வழியாக வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது, அதனால் அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உருகுவதற்கான மறைவெப்பம் எந்த ஊரிலும் மாறாது என்பதால் மொத்தக் கணக்கில் லாபம் அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் ஒரு அளவு சின்னத் திரி இங்கே போதுமாகிவிடும். ஹோலில் ஓரம்வரை உருகிய மெழுகுதிரி, ஏசி போட்ட படுக்கையறையில் குழி விழுவதும் இதனால்தான்.

முதல் முறை எரித்த வட்டத்தை மெழுகு ‘நினைவில் வைத்திருக்கும்’ என்று சொல்வார்கள். மெழுகுக்கு ஒரு நினைவும் கிடையாது. குழி விழுந்ததும் சுடர் சுவரின் விளிம்பைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. சூடான வாயு நேரே மேலே போகிறது, ஓரத்து மெழுகுக்கு வெப்பம் போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. புதுக்காற்றும் அதே ஒடுங்கிய வாயால்தான் உள்ளே இறங்க வேண்டும். ஒக்சிசன் குறைய, சுடர் இன்னும் சிறுக்கிறது. இதைத் தவிர்க்கத்தான் முதல் முறை 3 மணித்தியாலமாவது விட்டுவிடச் சொல்கிறார்கள். அதற்காகப் பயப்படவும் வேண்டாம்: மேல் பாதியில் ஓரமாக ஒரு மெல்லிய வளையம் மிஞ்சினால் அது நல்ல திரி. கீழே போகப் போகக் கண்ணாடி சூடேறி அந்த வளையம் தானாக இறங்கிவிடும். ஆரம்பத்திலேயே ஓரம்வரை வேகமாக உருக்கும் திரி, அடிப்பகுதிக்கு வரும்போது கிளாஸைத் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கும்.

சரி, குழி அல்ல, ஒரு பக்கம் மட்டும் உருகுகிறது என்றால்? கிளாஸை அரை வட்டம் திருப்பி வைத்து ஒரு மணித்தியாலம் எரியவிடுங்கள். முன்பு ஆழமாக உருகிய பக்கம் கிளாஸோடு சேர்ந்து திரும்பி, அங்கேயே இன்னும் ஆழமாகிறதா? குறை உள்ளே இருக்கிறது. திரி நடுவில் இல்லை, அல்லது அடியில் நடுவில் நின்று மேலே சாய்ந்திருக்கிறது. கிளாஸ் திரும்பியும் அதே ஜன்னல் பக்கம்தான் உருகுகிறதா? காற்று. கொழும்பு வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது கூரையில் சுற்றும் ஃபேனைத்தான். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாடிவீடு என்றால், தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஜன்னலும் சேர்ந்துகொள்ளும். 2022 மின்வெட்டு இரவுகளில் மெழுகுதிரி நேராக எரிந்ததற்கு ஒரு காரணம் ஃபேனும் நின்றிருந்ததுதான்! கண்ணாடியில் ஒரே பக்கம் கரி படிவதும் காற்றின் அடையாளமே.

மூன்றாவது காரணம் ஒன்றுண்டு, அது குறையே அல்ல. 1820களில் பிரான்ஸில் கம்பசரேஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னிய திரி எரியும்போது வளைந்து, அதன் நுனி சுடரின் சூடான விளிம்பில் எரிந்து சாம்பலாகும். அதற்கு முன் கையில் கத்தரி வைத்துக்கொண்டு அடிக்கடி கருகிய திரியை வெட்ட வேண்டியிருந்தது. வளைந்த பக்கம் கொஞ்சம் கூடுதலாக உருகத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் திரியை 6 மில்லிமீற்றர் அளவுக்கு வெட்டினால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

திரியின் அளவு சரி, காற்றும் இல்லை, ஆனாலும் சுடர் சுருங்குகிறதென்றால் மெழுகில் என்ன கலந்தீர்கள் என்று பாருங்கள். நிறத்துக்குப் பிள்ளைகளின் கிரெயோனை உருக்கிப் போடுவது மிகப் பரவலான வேலை. அதன் நிறப்பொடி மெழுகில் கரைவதில்லை. திரிக்குள் ஏறி மயிர்த்துளைகளை அடைத்துவிடும். வாசனை எண்ணெய் அளவுக்கு மிஞ்சினாலும் இதே கதிதான். தேங்காயெண்ணெய் சேர்க்கச் சொல்லும் செய்முறைகளும் குளிர்நாட்டவை. அது சுமார் 24 பாகையிலேயே உருகுவது. கொழும்புப் பகலில் உறைந்தே இருக்காது. கூடிப்போனால் மெழுகு இளகி, திரியை நிமிர்த்திப் பிடிக்காது.

ஏற்கெனவே குழி விழுந்ததைக் காப்பாற்ற, அலுமினியத் தாளைக் கிளாஸின் வாயில் வளையமாகச் சுற்றி, நடுவில் 3 சென்ரிமீற்றர் அளவு திறந்துவிட்டு எரியுங்கள். வெப்பம் உள்ளே தங்கி ஓரத்து மெழுகு இறங்கும். தாள் சூடாகும், பக்கத்திலேயே இருங்கள். திரி மூழ்கியிருந்தால் முதலில் உருகிய மெழுகில் கொஞ்சத்தை வெளியே ஊற்றிவிடுங்கள், ஆனால் குசினி சிங்கில் அல்ல. உறைந்து குழாயை அடைக்கும்.

சிரட்டையில் ஊற்றுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது மேலே அகலம், கீழே ஒடுக்கம். மேலே பொருந்தும் திரி கீழே வரும்போது மிகப் பெரிதாகிவிடும், பக்கத்தில் இருப்பதோ நன்றாக எரியக்கூடிய சிரட்டை. அழகுக்காகச் செய்யலாம், ஆனால் பாதிக்குக் கீழே எரிக்கக் கூடாது. கண்ணாடியிலும் அடியில் 1 சென்ரிமீற்றர் மெழுகு மிஞ்சும்போதே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வெடிக்கலாம். மெழுகே தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு உலோக மூடியால் மூடிவிடுங்கள்.