வைத்தங்கி நாள்: சொல் விளக்கம்

பிப்ரவரி 6, நியூசிலாந்தின் தேசிய விடுமுறை நாள். 1840இல் அதே தேதியில் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியிலுள்ள வைத்தங்கியில், பிரிட்டிஷ் அரசியின் சார்பில் வில்லியம் ஹாப்சனும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோரும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர்.

மாவோரி மொழியில் 'வை' என்றால் நீர். 'தங்கி' என்றால் அழுகை, புலம்பல், ஒலி. இரண்டும் சேர்ந்தால் 'அழும் நீர்' அல்லது 'ஒலிக்கும் நீர்'. இடப்பெயர் என்பதால் மொழிபெயர்க்க வேண்டாம். ஆனால் 'வைத்தாங்கி' என்று எழுதுவது பிழை. மூலத்தில் அந்த அகரம் குறில். சுமைதாங்கி, இடிதாங்கி எழுதிப் பழகிய கை தானாக நீட்டிவிடுகிறது. 'வைதங்கி' என்று ஒற்றைத் தகரம் போட்டால் ஒலி மெலிந்துவிடும், ஆகவே 'த்த' வேண்டும். மாவோரி ஒலிப்பில் ங-வுக்குப் பின் ககரமே கிடையாது, 'அங்ஙனம்' என்பதில் வருகிற ங-தான் அது. 'வைத்தஙி' என்பதே துல்லியம். எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

'ட்ரீட்டி' என்பதற்கு ஒப்பந்தம் என்றும் எழுதுகிறார்கள். ஒப்பந்தம் சாலை போடுவதற்கும் உண்டு; அரசுகளுக்கும் மக்களினங்களுக்கும் இடையிலானதற்கு உடன்படிக்கையே பொருத்தம்.

பெரிய சிக்கல் உடன்படிக்கையின் உள்ளே இருக்கிறது. ஆங்கிலப் படியின் முதல் பிரிவு இறையாண்மையைப் பிரிட்டிஷ் அரசிக்குக் கையளிக்கிறது. மதகுரு ஹென்றி வில்லியம்ஸும் அவர் மகனும் ஒரே இரவில் செய்த மாவோரிப் படியில் அந்த இடத்தில் நிற்பது 'காவனத்தங்க'. 'கவர்னர்' திரிந்து 'காவன' ஆயிற்று. 'தங்க' நம் 'மை' விகுதி போன்றது. ஆக, ஆளுநரின் ஆளுகை, அவ்வளவே. இரண்டாம் பிரிவோ நிலம், குடியிருப்பு, அரும்பொருள்கள் மீது 'தினோ ரங்கத்திரத்தங்க', அதாவது முழுத் தலைமை, மாவோரிகளுக்கே என்கிறது. மொத்தம் 500க்கும் மேற்பட்ட ஒப்பங்களில் பெரும்பாலானவை மாவோரிப் படியில்தான். ஆகவே தமிழில் எழுதுவோர் இரு படிகளுக்கும் 'இறையாண்மை' என்றே போட்டால் 1840இன் பிழையை மறுபடி செய்தவர்களாவோம். ஆங்கிலப் படிக்கு இறையாண்மை, மாவோரிப் படிக்கு ஆளுகை.

மாவோரிப் படியை அச்சிட்டவர் வில்லியம் கொலென்சோ. தலைவர்களுக்கு இது புரிந்ததா என்று ஒப்பமிடும் வேளையிலேயே ஹாப்சனிடம் கேட்டவரும் அவர்தான். மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த, தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணியைக் கண்டெடுத்தவரும் அவரே. இப்போது அது வெலிங்டனிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாளின் பெயரும் நிலையாக இருக்கவில்லை. 1960 சட்டம் 'வைத்தங்கி நாள்' என்றது. நாடு முழுவதற்கும் விடுமுறையானது 1974இல், 'நியூசிலாந்து நாள்' என்ற பெயரில். 1976இல் பழைய பெயரே திரும்பியது. பிப்ரவரி 6 சனி, ஞாயிறில் வந்தால் திங்களன்று விடுமுறை என்பது 2013 சட்டத் திருத்தம். விடுதலை நாள், குடியரசு நாள் என்று தமிழில் எழுதுவது இரண்டுமே தவறு. 'வைத்தங்கி உடன்படிக்கை நாள்' என்றால் பொருள் விளங்கும்.